ஓமத்தண்ணீரில் ஒரு ஞானஸ்நானம்

கடல் தாண்டப்போகிற என் மகனுக்கு,

நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி, கரை கண்ணுக்கு மறைந்த பிறகு நீ படிக்க வேண்டும் என்றுதான் இதை உன் பெட்டியில் வேட்டிகளுக்கு அடியில் வைக்கிறேன். நேரிலேயே சொல்லியிருக்கலாம். நான் வாயைத் திறந்தால் உன் அப்பா குறுக்கே வந்து, பயணம் போகிற பிள்ளையிடம் இதெல்லாம் எதற்கு என்று பேச்சை மாற்றிவிடுவார். இருபது வருஷத்துக்கு மேலாக அப்படித்தான் மாற்றிக்கொண்டு வருகிறார். எழுதினால் என்னை நிறுத்த ஆளில்லை. உன் மனைவிக்கு மட்டும் இதை இப்போது காட்டாதே. வயிற்றுப் பிள்ளையோடு முதல் தடவை கப்பல் ஏறுகிறவளுக்குக் கடலே போதும், மாமியாரின் கதையும் வேண்டாம். பிள்ளை நல்லபடியாகப் பிறந்து, அவள் எழுந்து நடமாடத் தொடங்கியதும் கொடு. அதற்குள் நீ இதைப் படித்து, கடைசியில் நான் கேட்டிருப்பதைச் செய்திருக்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ரயில்வே உத்தியோகம் கிடைத்தது, கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ் குவார்ட்டர்ஸில் வீடு கொடுப்பார்கள் என்று நீ சொன்ன அன்று நான் சந்தோஷப்படவில்லை என்று உனக்கு வருத்தம். நான் அடுப்படிக்குப் போய்விட்டதை நீ கவனித்தாய். சந்தோஷம் இருந்தது, தம்பி. ஆனால் அதே ஊர், அதே குவார்ட்டர்ஸ், அதே துறைமுகம், கூடவே மாசமாக இருக்கும் ஒரு பெண். நீ கிள்ளானில் பிறந்தாய் என்பது உனக்குத் தெரியும். உன்னோடு ஒரு பெண்பிள்ளையும் பிறந்து அன்றைக்கே போய்விட்டாள் என்பதும் தெரியும். அதற்குமேல் நாங்கள் சொன்னதில்லை, நீயும் கேட்டதில்லை. பிரிக்பீல்ட்ஸில் நம் சபையார் இப்போது சொந்தமாகக் கோயில் கட்டிவிட்டார்களாம். நீ முதல் ஞாயிற்றுக்கிழமை அங்கே போய் உட்காரும்போது, உன்னைப் புதிய ஆள் என்று நினைத்து ஊர் எது, பேர் எது என்று கேட்பார்கள். நீ அந்தச் சபைக்குப் புதியவன் அல்ல. ஒரு காலத்தில் அங்கே எல்லாருக்கும் உன்னைத் தெரியும், அதுவும் நல்ல விதமாக அல்ல.

உன் பெரியப்பா அப்போது கோலாலம்பூர் ரயில்வே ஆபீஸில் குமாஸ்தா. தம்பிக்கும் அங்கே ஒரு நாற்காலி பிடித்துவிடலாம், வந்து பார்த்துவிட்டுப் போகட்டும் என்று எழுதியிருந்தார். உன் அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினார். நானும் வருவேன் என்று நின்றேன். பேறுகாலத்துக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது, போய்விட்டுத் திரும்பிவிடலாம் என்பது என் கணக்கு. என் பிடிவாதம் உனக்குத் தெரியும், உனக்கே அதில் பாதி வந்திருக்கிறது. போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் இறங்கி, கிள்ளான் வந்து, கோலாலம்பூருக்கு ரயில் மாறுவதற்குள் எனக்கு இடுப்பு வலி எடுத்துவிட்டது. ரயில் நிலையத்துக்குப் பின்னால் பெரியப்பாவுக்குத் தெரிந்த ஒருவரின் வீடு பூட்டிக் கிடந்தது. அக்கம்பக்கத்தார் அதைத் திறந்து என்னைப் படுக்கவைத்தார்கள். பக்கத்து வீட்டில் முத்தம்மா என்று ஒருத்தி இருந்தாள். அவள் புருஷன் துறைமுகத்தில் மூட்டை ஏற்றுகிறவன். நம் மார்க்கத்தவள் அல்ல, நெற்றி நிறையத் திருநீறு பூசுகிறவள். உன் அப்பா அவளிடம் என்னை விட்டுவிட்டு, டாக்டரையும் அண்ணனையும் கூட்டிவர அடுத்த ரயிலில் ஏறிப் போனார்.

உச்சி வெயிலில் நீ பிறந்தாய். ஒரு கை நீளம்கூட இல்லை, ஆனாலும் அழுதாய். முத்தம்மா உன்னைத் துடைத்துத் துணியில் சுற்றி என் பக்கத்தில் கிடத்திவிட்டு, எனக்குக் குடிக்க ஓமம் போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீரைக் குவளையில் கொண்டுவந்து தலைமாட்டில் வைத்தாள். நான் இரண்டு வாய் குடித்திருப்பேன். மறுபடியும் வலி கண்டது. வயிற்றில் இன்னொன்று இருப்பது அதுவரை யாருக்கும் தெரியாது. அவள் வந்தாள். அழவில்லை. முத்தம்மா தலைகீழாகப் பிடித்தாள், முதுகில் தட்டினாள், வாயில் ஊதினாள். உதடு நீலமாக இருந்தது. நெஞ்சு மட்டும் மெல்ல ஏறி இறங்கியது. முத்தம்மா என் முகத்தைப் பார்க்காமல் பிள்ளையை என் மடியில் வைத்தாள். அவள் பார்க்காததிலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

பெண்கள் போர்டிங்கில் படிக்கும்போது இதை எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். பிள்ளை பிழைக்காது என்று கண்டால் பாதிரி ஐயர் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது, ஞானஸ்நானம் பெற்றவர் எவரும் தண்ணீர் எடுத்துத் தலையில் மூன்று தரம் வார்த்து, பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்று மூன்று நாமத்தையும் சொன்னால் போதும் என்று. நான் உயிரோடு இருந்ததே அந்த நேரத்தில் அந்த ஒரு நினைப்பில்தான். குவளையை எடுத்தேன். அவள் தலையில் வார்த்தேன், எஸ்தர் என்று பேர் வைத்தேன். பிறகு உன்னைப் பார்த்தேன். நீயும் தங்கமாட்டாய் என்று தோன்றியது. உனக்கும் வார்த்து, உன் தாத்தாவின் பேரை வைத்தேன். நீ சிலிர்த்துக்கொண்டு அழுதாய். அவள் ஒரு தரம் கண்ணைத் திறந்தாள். பிற்பகல் மழை பிடிக்கும் முன்பே போய்விட்டாள். உன் அப்பா டாக்டரோடு வந்தபோது நான் சொன்ன முதல் வார்த்தை, இரண்டு பேருக்கும் ஞானஸ்நானம் கொடுத்துவிட்டேன் என்பதுதான். அவர் என் தலையைத் தடவிக்கொண்டே அழுதார். கோலாலம்பூரிலிருந்து சபை உபதேசியார் வந்து, அந்த வார்த்தையை நம்பி, முறைப்படி ஜெபம் சொல்லி அவளை அடக்கம் செய்தார்.

அதன் பிறகு பிரிக்பீல்ட்ஸில் பெரியப்பா வீட்டில் தங்கி உன்னைப் பஞ்சில் பொதிந்து வளர்த்தேன். மலாய் நாட்டுக்கெல்லாம் அப்போது நம் லுத்தரன் சபைக்கு ஐயர் ஒருவர்தான். பினாங்கிலிருந்து சிங்கப்பூர்வரை அவரே சுற்றிவர வேண்டும். அவர் வரும்போதுதான் நற்கருணை, கல்யாணம், ஞானஸ்நானம் எல்லாம். மற்ற ஞாயிறுகளில் உபதேசியார் பிரசங்கம் வாசிப்பார். வீட்டில் அவசரத்துக்குக் கொடுத்த ஞானஸ்நானத்தை ஐயர் சபைக்கு முன்னால் விசாரித்து உறுதிசெய்ய வேண்டும் என்பது நம் முறை. யார் கொடுத்தது, யார் கூட இருந்தது, எதினால் கொடுத்தது, என்ன சொல்லிக் கொடுத்தது என்று கேட்பார். பதில் சரியாக இருந்தால், கொடுத்தது செல்லும் என்று அறிவிப்பார். சந்தேகமாக இருந்தால், ஒன்றுமே நடக்காதது போல முதலிலிருந்து கொடுப்பார். நடுவில் நின்று ஊசலாட நம் முறையில் இடமில்லை.

ஐயர் வருகிறார் என்று சேதி வந்ததும் உன் பெரியப்பா என்னை உட்காரவைத்து, பள்ளிக்கூடப் பிள்ளைக்குப் பாடம் கேட்பது போலக் கேள்விகளைக் கேட்டுப் பார்த்தார். அவர் சபை மூப்பர். சபையில் எல்லாம் ஒழுங்காக நடக்க வேண்டும், யாழ்ப்பாணத்துக் குமாஸ்தாக்கள் போகிற பெரிய சபைகளுக்கு முன்னால் நம் சின்னச் சபை தலைகுனியக் கூடாது என்று எப்போதும் ஒரு பதைப்பு அவருக்கு. யார் கொடுத்தது என்றார். நான்தான் என்றேன். எதினால் கொடுத்தது என்றார். தலைமாட்டில் இருந்த ஓமத்தண்ணீரால் என்றேன். சொன்ன பிறகுதான் என் காதிலேயே அது விழுந்தது. அதுவரை ஒருநாளும் நான் அதை நினைத்துப் பார்க்கவில்லை. பெரியப்பா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார்.

"தண்ணின்னு சொல்லு, போதும். ஓமத்தண்ணியும் தண்ணிதானே" என்றார்.

"தண்ணிதான்னா ஓமத்தண்ணின்னே சொல்றேனே. என்ன பயம்?" என்றேன்.

உன் அப்பா வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவர் உள்ளே வந்தார். எதற்கு வீண் சர்ச்சை, ஐயருக்குச் சந்தேகம் வந்தால் பிள்ளைக்கு இன்னொரு தரம் கொடுத்துவிட்டுப் போகிறார், அதில் நமக்கு என்ன நஷ்டம் என்றார். அவரை நான் அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு கோபமாக முறைத்ததில்லை. அந்தக் கோபம் இன்னும் என் உடம்பில் எங்கோ கிடக்கிறது.

"இவனுக்கு ஊத்துவாரு. அவளுக்கு எங்க போய் ஊத்துவாரு?" என்றேன்.

நீ புரிந்துகொள்ள வேண்டியது இதுதான், தம்பி. ஒரே குவளையிலிருந்து, ஒரே கையால், ஒரே மூச்சில் இரண்டு பேருக்கும் வார்த்தேன். உனக்கு வார்த்தது செல்லாது என்றால் அவளுக்கு வார்த்ததும் செல்லாது. நீ உயிரோடு இருந்தாய், உனக்கு எத்தனை தரம் வேண்டுமானாலும் கொடுக்கலாம். அவள் கிள்ளான் மண்ணில் கிடந்தாள். ஞானஸ்நானம் இல்லாமல் போன பிள்ளையைக் கர்த்தர் தள்ளிவிடுவாரா என்று நீ இந்தக் காலத்துப் படிப்போடு கேட்பாய். கேள். அன்றைக்கு எனக்கு அந்தத் தெளிவு இல்லை. நான் அவளுக்குச் செய்ய முடிந்தது ஒன்றே ஒன்று, அதையும் ஒழுங்காகச் செய்தேனா இல்லையா என்பதுதான் எனக்கு முன்னால் இருந்தது. தண்ணீர் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம், யாரும் கண்டுபிடித்திருக்கமாட்டார்கள். ஆனால் அப்படிச் சொன்னால், செல்லும் என்று ஐயர் அறிவிப்பது நான் சொன்ன பொய்யைப் பற்றித்தானே இருக்கும்? என் பிள்ளையைப் பற்றி இருக்காதே. எனக்கு உண்மையான பதில் வேண்டியிருந்தது. அந்தப் பதிலை நினைத்து நடுங்கிக்கொண்டும் இருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. சொந்தக் கோயில் இல்லாத காலம். ஒரு பள்ளிக்கூட அறையில், தகரக் கூரைக்குக் கீழே பாய் விரித்து ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் உட்காருவோம். மேஜையில் வெள்ளைத் துணி, அதன்மேல் பித்தளைக் கிண்ணத்தில் தண்ணீர். உனக்கு ஞானத்தகப்பனாகப் பெரியப்பா உன்னை ஏந்திக்கொண்டு நின்றார். ஐயர் கறுப்பு அங்கியில் நெடுநெடுவென்று இருந்தார். நல்ல மனுஷர், ஆனால் சிரித்துப் பேசுகிறவர் அல்ல. கேள்விகள் ஆரம்பித்தபோதே மழையும் ஆரம்பித்துவிட்டது. அந்த ஊர் மழையை நீ இனிமேல்தான் கேட்கப்போகிறாய். தகரத்தில் விழுந்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூடக் காதில் ஏறாது. எதினால் என்று அவர் கேட்டார். நான் சொன்னேன். அவருக்குக் கேட்கவில்லை, காதைக் கொடுத்துக் குனிந்தார். மறுபடியும் சொன்னேன். பெரியப்பா முந்திக்கொண்டு, "தண்ணின்னு சொல்றாங்க ஐயரே" என்றார். அவ்வளவுதான், எனக்கு எங்கிருந்து அந்தக் குரல் வந்ததோ தெரியாது.

"ஓமத்தண்ணி" என்று கத்தினேன். கடைசிப் பாய்வரைக்கும் கேட்டது.

ஒரு பெண் களுக்கென்று சிரித்து உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். ஐயர் சிரிக்கவில்லை. ஓமத்தைக் கரைத்ததா, காய்ச்சியதா என்று கேட்டார். காய்ச்சியது என்றேன். யார் பார்த்தது என்றார். முத்தம்மா என்றேன், அவள் சபையைச் சேர்ந்தவள் அல்ல என்பதையும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் குனிந்து, மழைக்கு நடுவே, "சந்தேகத்தோட பிள்ளைய வளர்க்க வேண்டாம்மா. இப்பவே கொடுத்துடலாம்" என்று சொல்லி, கையைக் கிண்ணத்தில் விட்டார். அவர் கை தண்ணீரிலிருந்து வெளியே வருவதற்குள் நான் பெரியப்பாவின் கையிலிருந்து உன்னைப் பிடுங்கிக்கொண்டேன்.

"இவனுக்கு மறுபடி ஊத்தினா, அவளுக்கு ஊத்தினது ஒண்ணுமே இல்லன்னு ஆயிடும். வேண்டாங்க ஐயரே" என்றேன்.

அந்த அறையை விட்டே வெளியே போயிருப்பேன். ஆனால் வெளியே அந்த மழை, கையில் நீ. போய்ப் பெண்கள் பாயில் பழைய இடத்திலேயே உட்கார்ந்துகொண்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் பாயை இழுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். ஐயர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு அடுத்த பாட்டைச் சொன்னார். பெரியப்பா வெறுங்கையோடு மேஜைப் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தார், பாவம். அந்த மனுஷரை அப்படி நிறுத்தியதற்காகப் பின்னாளில் நான் மன்னிப்புக் கேட்டேன். உன்னைப் பிடுங்கியதற்காக யாரிடமும் கேட்டதில்லை.

அந்த வாரம் உனக்குக் காய்ச்சல் கண்டது. பாலைக் கக்கினாய். பிள்ளை கைவிட்டுப் போய்விட்டால் என்ன செய்வாய் என்று ஒவ்வொருவராக வந்து கேட்டார்கள். சிலர் ஆறுதலாகக் கேட்டார்கள், சிலர் மிரட்டலாகக் கேட்டார்கள், கேள்வி ஒன்றுதான். உன் அப்பா ஒன்றும் சொல்லாமல் உன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அது எல்லாவற்றையும்விடப் பெரிய பாரம். அவர் வாய்விட்டுச் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். செத்துப்போன பிள்ளைக்காக உயிரோடு இருக்கிற பிள்ளையைப் பணயம் வைக்கிறாயா என்று என் மனசே என்னைக் கேட்டது. ஒரு மத்தியானம் உன் உடம்பு கொதித்தபோது, சரி, ஐயரைக் கூப்பிடுங்கள் என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். அந்த நேரத்தில் வாசலில் ஐயரே வந்து நின்றார். பினாங்குக்குப் போக வேண்டியவர் போகாமல் இருந்திருக்கிறார். உன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். காய்ச்சல் தணிந்ததும் எல்லாருமாகக் கிள்ளான் போய் வரலாம், அந்த முத்தம்மாவிடம் நான் பேச வேண்டும் என்றார். நாக்கில் வந்த வார்த்தையை விழுங்கிக்கொண்டேன். காய்ச்சல் இரண்டு நாளில் விட்டது.

ஐயர், நான், உன் அப்பா, என் மடியில் நீ. கிள்ளானுக்கு ரயில் ஏறினோம். முத்தம்மா எங்களைப் பார்த்ததும் வெளுத்துப்போனாள். பிள்ளை செத்ததற்கு அவள்தான் காரணம் என்று விசாரிக்க இந்தக் கறுப்பு அங்கிக்காரரைக் கூட்டிவந்திருக்கிறோம் என்று நினைத்துவிட்டாள். அப்படியில்லை என்று நான் சொன்னது அவள் காதில் ஏறியதா என்று தெரியவில்லை. அன்றைக்கு வைத்த ஓமத்தண்ணீரை அதேபோல வைத்துக் காட்டம்மா என்றார் ஐயர். அவள் அடுப்பை மூட்டினாள், சட்டியில் தண்ணீர் வைத்தாள், ஓம டப்பாவைத் திறந்தாள். இரண்டு விரலால் நாலைந்து மணியை எடுத்துக் கொதிக்கிற தண்ணீரில் போட்டாள். தண்ணீர் தெளிவாகவே இருந்தது.

"தாப்பா சாமி, இவ்ளோதான் போட்டேன்" என்றாள். பரவாயில்லை என்று சொல்ல மலாய்க்காரர்கள் சொல்லும் அந்த வார்த்தை எதற்கும் அவள் வாயில் வரும். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள்.

அவளுக்கு விஷயம் முழுதும் புரிந்திருக்காது. ஓமம் குறைவாக இருந்தால் எனக்கு நல்லது என்பது மட்டும் புரிந்திருக்கிறது. என் மேலுள்ள இரக்கத்தில் அப்படிச் செய்தாள். உன் அப்பாவும் என்னைப் பார்த்தார். அவர் கண் கெஞ்சியது. நான் பேசாமல் இருந்தால் போதும், என் மகளின் ஞானஸ்நானம் பிழைத்துவிடும். ஆனால் அன்றைக்கு முத்தம்மா போட்டது ஒரு கைப்பிடி. பிரசவித்த உடம்புக்கு நன்றாகக் காட்டமாக இருக்கட்டும் என்று போட்டாள். நான் குடித்தபோது தொண்டை எரிந்தது எனக்கு மறக்கவில்லை. அந்த அடுப்படியில் நின்ற நேரம்போல என் ஆயுளில் இன்னொரு நேரம் கிடையாது. உன்னைப் பெற்ற வலியும் அவளை இழந்த வலியும் அதற்கு அடுத்தபடிதான்.

"அன்னிக்குப் போட்ட மாதிரி போடு முத்தம்மா" என்றேன்.

அவள் கைப்பிடி ஓமத்தை அள்ளிப் போட்டாள். தண்ணீர் பொங்கிப் பழுப்பாக மாறியது. வாசனை வீடெல்லாம் நிறைந்தது, நீ தும்மினாய். அவள் அதை வடிகட்டிக் குவளையில் ஊற்றி ஐயர் கையில் கொடுத்தாள். அவர் அதை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். இது தண்ணீர் அல்ல, கஷாயம் என்று அவர் சொல்லப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் அதைச் சொல்லவில்லை. அன்றைக்கு அந்த வீட்டில் வெறும் தண்ணீரே இல்லையா என்று கேட்டார்.

முத்தம்மா கொண்டுவந்து வைத்த பானையில் இருந்தது என்றேன். அந்தப் பானை இப்போது அவள் அடுப்படி மூலையில் இருந்தது.

"அப்ப ஏம்மா அதைக் கேட்டு வாங்கல?"

"பானைத்தண்ணி ஜில்லுன்னு இருக்கும் ஐயரே. பச்சப்பிள்ளைக்குச் சளி புடிச்சிடும்னு பயந்தேன். இது வெதுவெதுன்னு இருந்துச்சு."

சொல்லி முடித்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. அடக்கத்தின்போதுகூட நான் அப்படி அழவில்லை. சாகப்போகிற பிள்ளை என்று தெரிந்துதான் குவளையை எடுத்தேன். அப்படியும் அவளுக்குச் சளி பிடிக்கும் என்று பயந்திருக்கிறேன், பார். முத்தம்மா என் முதுகைத் தடவினாள். ஐயர் குவளையை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு நின்றார். சூடு ஆறும்வரை நின்றார் என்று நினைக்கிறேன். பிறகு அதைக் குடித்தார், ஒரு சொட்டு மீதி வைக்காமல். உன் அப்பாவைப் பார்த்து, பிள்ளையை அடக்கம் செய்த இடம் எங்கே என்றார்.

நடந்தே போனோம். கல் வைக்கவில்லை, ஒரு மரச் சிலுவைதான். அதன் அடியில் ஒரு மண் அகல் இருந்தது, திரி கருகி, சுற்றிலும் எண்ணெய்க் கறை. வெள்ளிக்கிழமைதோறும் முத்தம்மா வந்து விளக்கு வைத்திருக்கிறாள், எங்களுக்கு அது தெரியாது. நம் முறைக்கு ஆகாத காரியம். ஐயர் அதைப் பார்த்ததை நான் பார்த்தேன். அவர் அதன்மேல் கால் படாமல் தள்ளி நின்று ஜெபம் செய்தார். முடித்துவிட்டுத் திரும்பி என்னிடம், "ரெண்டாம் தரம் நான் கொடுக்கல. தப்புன்னா நான் பதில் சொல்லிக்கிறேன்" என்றார்.

அடுத்த ஞாயிறு அதே தகரக் கூரைக்குக் கீழே, மழை இல்லாத காலை. என்னை முன்னால் கூப்பிட்டு எல்லாக் கேள்விகளையும் மறுபடியும் கேட்டார். எதினால் என்று கேட்டபோது நான் ஓமத்தண்ணீர் என்றேன், இந்தத் தடவை கத்த வேண்டியிருக்கவில்லை. கொடுத்தது செல்லும் என்று அறிவித்து, உன் பேரை வாசித்தார். அதோடு நிறுத்துவார் என்று எல்லாரும் எழுந்திருக்கப் பார்த்தார்கள். அவர் நிறுத்தவில்லை. எஸ்தர் என்று அவள் பேரையும் வாசித்து, இந்த இரண்டு பிள்ளைகளும் இந்தச் சபையின் பிள்ளைகள் என்றார். பெரியப்பா இந்தத் தடவை உன்னைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தார், நான் மறுபடியும் பிடுங்கிவிடுவேனோ என்று பயம்போல. உத்தியோகம் கிடைக்காமல் நாங்கள் ஊர் திரும்பியபோது அவர்தான் துறைமுகம்வரை உன்னைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

ஐயர் சபை விதிகளைப் பார்த்து முடிவு செய்தாரா, என்னைப் பார்த்து முடிவு செய்தாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. நான் கேட்கவில்லை. சில ராத்திரி அந்தப் பழுப்புத் தண்ணீர் கண்ணுக்கு முன்னால் வரும், எழுந்து உட்கார்ந்துவிடுவேன். அப்புறம் அவர் அதைக் குடித்தது ஞாபகம் வரும், தூக்கமும் வரும். உன் அப்பாவுக்கு வேறு விதமான ஞாபகம். அடுப்படியில் என்னைக் கண்ணால் கெஞ்சியதை நினைத்து அவருக்கு வெட்கம். அதனால்தான் பேச்சை மாற்றுகிறார். அவரை நான் எப்போதோ மன்னித்துவிட்டேன், ஆனால் அதைச் சொன்னால் அவர் இன்னும் சங்கடப்படுவார். உன் மனைவி உன்னிடம் உண்மையைச் சொல்ல எழுந்து நிற்கிற ஒரு நாள் உனக்கும் வரும். அன்றைக்கு நீ அவளைக் கண்ணால் கெஞ்சாதே.

இனி நான் கேட்க நினைத்தது. கோலாலம்பூரில் இறங்கியதும் வீடு ஒழுங்காகட்டும், பாத்திரம் பண்டம் வாங்கட்டும் என்று தள்ளிப்போடாமல், முதல் ஞாயிறே நம் கோயிலுக்குப் போ. கடைசிப் பாயில் ஒளிந்துகொள்ளாதே. இப்போது பெஞ்சு போட்டிருப்பார்கள், முன்னால் போய் உட்கார். யார் நீ என்று கேட்டால் ஓமத்தண்ணீர்ப் பிள்ளை என்று சொல், வயசானவர்கள் யாராவது மிஞ்சியிருந்தால் சிரிப்பார்கள். பிறகு ஒருநாள் கிள்ளானுக்குப் போ. அந்தச் சிலுவை இருக்காது, மழை தின்றிருக்கும். முத்தம்மா இருந்தால் அவளுக்குத் தெரியும், கேள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு நான் விசாரித்ததாகச் சொல். அவள் அங்கே இன்னமும் விளக்கு வைக்கிறாள் என்றால், நீயும் கால் படாமல் தள்ளி நில்.

உன் பிள்ளை சுகமாகப் பிறக்கும். அதற்காகத்தான் தினமும் முழங்கால் போடுகிறேன், இந்த முழங்காலுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும். ஆஸ்பத்திரி, டாக்டர் எல்லாம் இப்போது பக்கத்திலேயே இருக்கிறதாம். இருக்கட்டும். உன் மனைவிக்கு வலி காணும் அன்றைக்கு நீ எந்த ரயிலிலும் ஏறிப் போகாதே, வாசலிலேயே இரு. ஓமத்தண்ணீர் வைத்தால் அது அவள் குடிக்க, அதை ஒரு பக்கமாக வை. இன்னொரு செம்பில் தண்ணீர் காய்ச்சி, ஆறவிட்டு, உன் கைக்கு எட்டும் இடத்தில் வைத்துக்கொள். அதில் ஒன்றும் போடாதே. வெறும் தண்ணீராக இருக்கட்டும், ஆனால் ஜில்லென்று இருக்க வேண்டாம், தம்பி, வெதுவெதுப்பாக இருக்கட்டும்.

உன் அம்மா